எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு மலை இறங்குவது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் முதன்முதலாக எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு நான் சைக்கிளில் இறங்கினேன். கீழே டீக்கடைக்கு வந்து சேர்ந்தது ஏழு பேர். எட்டாமவர் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவின் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு கிளைப்பாதை இருந்தது, முன்னால் போனவரின் முதுகு தெரியவில்லை, நேராகப் போய்விட்டார். அவ்வளவுதான். கோபப்படவில்லை. “நீங்க ரொம்ப நல்லா ஓட்டுறீங்க சார்” என்றார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் ரைடை நடத்தலாம் என்று நினைக்கிறோம். ஓட்டத் தெரியாமல் முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அந்தத் திறமையே இடைஞ்சல். கால் வலுவுள்ளவருக்கு மெதுவாகப் போகப் பொறுமை இருக்காது. தனக்கு எளிதாக இருக்கும் கல்படி மற்றவருக்கு ஏன் பயமாக இருக்கிறது என்பதும் அவருக்கு மறந்துபோயிருக்கும். ஹோம்ஸ்டேக்கள், ரிசார்ட்டுகள், பள்ளி முகாம்கள், நகரத்து சைக்கிள் குழுக்கள் என்று எம்.டி.பி. எனப்படும் மலை சைக்கிள் ரைடு நடத்த ஆள் கேட்கும் இடங்கள் இன்று உண்டு. வாரக்கடைசி வருமானமாகவோ முழுநேர வேலையாகவோ இதை எடுத்துக்கொள்ள நினைப்பவர், தான் ஓட்டுவதை விட்டுவிட்டு மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்க்கும் வேலை இது என்பதை முதல் நாளே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நல்ல ரைடு நாளில் உங்களுக்கு வியர்க்கவே வியர்க்காது. தொண்டைதான் கட்டும்.

புறப்படுவதற்கு முன்னால் அரைமணி

பாதி வேலை சைக்கிள் நகர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வந்தவர்களிடம் “எம்.டி.பி. ஓட்டுவீங்களா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓட்டுவேன் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எங்கே ஓட்டினீர்கள், எவ்வளவு தூரம், மண்பாதையா தார்ச்சாலையா என்று கேளுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய், தேனீ கொட்டினால் ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைத் தனியாக அழைத்து, தாளில் எழுதி வாங்குங்கள். பத்துப் பேர் முன்னால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

பிறகு சைக்கிள். முன்சக்கரத்தின் அச்சில் தொடங்கி, ஹேண்டில்பார் வரை ஏறி, ஃபிரேம் வழியே பெடலுக்கு இறங்கி, சீட்டுக்கு ஏறி, பின்சக்கரத்தில் முடியும் ஒரு பார்வை. கை போகும் பாதை ஆங்கில ‘எம்’ எழுத்துபோல இருப்பதால் உலகெங்கும் இதற்கு எம்-செக் என்று பெயர். ஒரு சைக்கிளுக்கு ஒரு நிமிடம் போதும். நானே செய்யாமல், அவரவர் சைக்கிளை அவரவர் பார்க்கச் சொல்லி நான் கூடவே சுற்றுவேன். அப்போதுதான் யாருக்குச் சைக்கிள் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிய வரும்.

ஒரு கேள்வியை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள்: முன் பிரேக் எந்தக் கையில்? பிரிட்டனில் வழக்கமாக வலக்கை, அமெரிக்காவில் இடக்கை. நம் ஊரில் இரண்டு வகையும் ஓடுகின்றன. வாடகை சைக்கிளில் ஏறுகிறவர், வீட்டு சைக்கிளின் பழக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை அமுக்கினால், முதல் சரிவிலேயே ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவார். எழுந்தவுடன் சைக்கிளைத்தான் குறை சொல்வார்.

ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்க வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையலாம், முஷ்டி நுழையக்கூடாது. இதற்கு மேல் ஹெல்மெட்டைப் பற்றி வாதம் வேண்டாம். போடாதவர் வரவேண்டியதில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குப் பட்டியல்கள் நிறைய உண்டு. பம்ப், டியூப், டியூப்லெஸ் டயருக்கான பிளக், மல்டி-டூல், செயின் அறுக்கும் கருவி, கேபிள் டை, ஒட்டுநாடா எல்லாம் சரி. ஆனால் செயின் இணைப்பு பத்து கியருக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு வேறொன்று. பின் கியரை மாற்றும் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கரோ சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். ஆகவே ஹேங்கரை அவரவர் கொண்டுவர முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவி இருப்பது பெரிதல்ல. மழையில், விரல் மரத்த நிலையில், ஏழு பேர் வேடிக்கை பார்க்க அந்தச் செயினை இணைக்க உங்களால் முடிகிறதா என்று வீட்டில் பக்கெட் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

நடுவில் ஆள் தொலையாமல்

எட்டுப் பேருக்கு ஒருவர் என்பது நான் வைத்துக்கொண்ட உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் இன்னொரு பொறுப்பாளர் வேண்டும். எட்டுக்குள்ளேயும் கடைசியில் வர ஒரு ஆள் கட்டாயம். ஸ்வீப் என்பார்கள். முழுப் பாதையும் தெரிந்தவர், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர், யாரையும் முந்தாதவர். மூன்றாவது தகுதிதான் கிடைப்பது கஷ்டம்.

அன்று என் எட்டாமவரைத் தொலைத்த கிளைப்பாதைக்கு மருந்து ரொம்ப எளிது. பாதை பிரியும் இடம் வந்ததும், தலைவருக்கு நேர் பின்னால் வருபவர் அங்கே நின்றுவிடுவார். மற்றவர்களுக்குக் கை காட்டி வழிசொல்லிக்கொண்டிருப்பார். ஸ்வீப் வந்து “போலாம்” என்று சொன்ன பிறகே நகர்வார், ஸ்வீப்புக்கு முன்னால் கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அடுத்தவர். ஒரு ஆதாயம் எதிர்பாராமல் கிடைக்கிறது: வரிசை தானாகச் சுழல்கிறது. எப்போதும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் தலைவரின் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறார். அவர் எப்படி ஓட்டுகிறார் என்று அப்போதுதான் நீங்களும் பார்க்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளோடு போகும்போது மட்டும் இந்த முறை வேண்டாம். பிள்ளையைக் காட்டுப்பாதையில் தனியாக நிறுத்தக்கூடாது. பிரிவு வந்தால் எல்லோரும் நிற்பதுதான் அங்கே சரி.

ஏற்றத்தில் நடக்கும் ஓர் அநியாயத்தையும் சொல்லவேண்டும். வலுவானவர்கள் மேலே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து கடலைமிட்டாய் சாப்பிடுகிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், “வந்தாச்சா? கிளம்பலாம்!” என்று எழுந்துவிடுகிறார்கள். அதிகம் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே இல்லை. அடுத்த இறக்கத்தில் விழுவது பெரும்பாலும் அவர்தான். திறமை இல்லாமல் விழுவதில்லை, கை கால் ஓய்ந்துபோய் விழுகிறார். எனவே கடைசி ஆள் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் ஓய்வுக் கணக்கு. அவர் தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கி, தானாக ஒரு பேச்சு பேசிய பிறகு கிளம்புங்கள்.

இறக்கம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடத்தில் 1976இல் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, பந்தயம் வைத்து இறங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வருவதற்குள் சக்கர மையத்தில் இருந்த கிரீஸ் சூட்டில் புகையாகிப் போகும், ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டும். ‘மறுபடி அடைப்பது’ என்ற பொருளில் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்துவிட்டது. மலை சைக்கிள் விளையாட்டு பிறந்த கதைகளில் முக்கியமானது இது. கதையிலேயே பிரேக் எரிகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்றைக்கு டிஸ்க் பிரேக் இருக்கிறது. ஆனால் பயந்தவர் அதை விடாமல் உரசிக்கொண்டே இறங்கினால் அதுவும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால் பெரிய இறக்கத்துக்கு முன், சரிவு குறைந்த ஒரு சின்ன இடத்தில் பத்து நிமிடம் செலவிடுங்கள். தரையில் குச்சியால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொருவரும் வந்து அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். பெடல் இரண்டும் தரைக்கு இணையாக, இடுப்பு சீட்டை விட்டு மேலே, முழங்கை மடங்கி, பிரேக்கில் ஒரு விரல், குதிகால் சற்றுத் தாழ்ந்து. நேராக ஓடும்போது பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுவது. கண் சக்கரத்தில் இருக்கக்கூடாது, போகவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். கல்லைப் பார்த்தால் கல்லின் மேல்தான் ஏறுவோம். எட்டுப் பேரில் யாருக்குப் பாடம் பிடிபடவில்லை என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அவரை எங்கே இறங்கி நடக்கவைப்பது என்று அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

நடப்பதில் ஒரு மான அவமானப் பிரச்சினை இருக்கிறது. “முடியாதவங்க இறங்கி நடங்க” என்று சொன்னால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். அப்பாக்கள் நிச்சயமாக இறங்கமாட்டார்கள், மகன் பார்க்கிறான் அல்லவா. நான் செய்வது இதுதான்: சந்தேகமான இடம் வந்தால் முதலில் நானே இறங்கிவிடுவேன். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடப்பேன். பின்னால் ஆறு பேர் நிம்மதியாக இறங்குவார்கள். ஓட்ட விரும்புகிற இரண்டு பேருக்காக, நான் கீழே நின்று ஒருவர் பின் ஒருவராக விடுவேன். முன்னவர் வளைவைத் தாண்டிக் கை காட்டிய பிறகே அடுத்தவர்.

சத்தமில்லாத வண்டி

நீலகிரியில் சைக்கிளின் பெரிய ஆபத்து அதன் வேகம் அல்ல, அமைதி. ஜீப் வந்தால் காட்டெருமைக்கு நூறு மீட்டருக்கு முன்பே தெரியும். சைக்கிள் வந்தால் தெரியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும்போது நாம் பத்து அடியில் இருப்போம். கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் கரடியும் உண்டு. கற்பூர மரத் தோப்பு, சீகைத் தோப்பு, உண்ணிச்செடிப் புதர் என்று பார்வை மறையும் ஒவ்வொரு வளைவிலும் மணி அடிக்கவேண்டும், அல்லது உரக்கப் பேசிக்கொண்டு போகவேண்டும். பாட்டுப் பாடும் ஆள் குழுவில் இருந்தால் அவரை முன்னால் விடுங்கள், எவ்வளவு மோசமாகப் பாடினாலும் பரவாயில்லை. விடியலுக்கும் அந்திக்கும் பாதை விலங்குகளுடையது. எதிரே நின்றுவிட்டால் நாம்தான் பின்வாங்க வேண்டும். யாரும் செல்போனை எடுத்துக்கொண்டு முன்னால் போகாதபடி பார்த்துக்கொள்வதும் தலைவர் வேலைதான்.

அனுமதி விஷயத்தில் குறுக்குவழியே கிடையாது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டுக்கு வனத்துறை, தோட்டத்துக்கு எஸ்டேட் அலுவலகம். “போன வாரம் ஒரு குரூப் போனாங்களே” என்பது அனுமதி ஆகாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில்தான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. பிப்ரவரி முதல் புல் காயும் நாட்களில் சைக்கிளுக்கும் அந்தத் தீ ஒன்றுதான். அனுமதி கேட்கப் போகும்போது இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பக்கம் மருந்தடிக்கிறார்கள், எந்தக் கேட்டைப் பூட்டியிருக்கிறார்கள், யானை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எஸ்டேட் ஆஸ்பத்திரியின் எண்ணையும், ஜீப் ஓட்டுநரின் எண்ணையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மழையைப் பொறுத்தவரை மலையை ஒரே மலையாகப் பார்க்காதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர் பக்கம் ஊற்றும்போது கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரி ஓரளவு தப்பிக்கும். ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரி வாங்கிக்கட்டிக்கொள்ளும். நனைந்த உடம்பில் மேட்டுக்காற்று பட்டால் நம் ஊர்க்காரர்களுக்கு நடுக்கம் சீக்கிரம் வந்துவிடும். இருட்டோ இங்கே மெதுவாக வருவதில்லை.

ஒருவர் விழுந்துவிட்டால்

முதல் அசைவு விழுந்தவரை நோக்கி இருக்கக்கூடாது. மேலிருந்து வேகமாக வரும் அடுத்த சைக்கிளை நிறுத்த ஒருவரை மேலே அனுப்பிவிட்டு, பிறகு அவரிடம் போங்கள். தூக்கி உட்காரவைக்கப் பத்துக் கைகள் நீளும், தடுங்கள். மூச்சு, ரத்தப்போக்கு, கழுத்து வலி என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்றவோ கழுத்தைத் திருப்பவோ வேண்டாம். இந்த விளையாட்டில் அடிக்கடி ஒடிவது காறை எலும்பு. முக்கோணத் துணி இருந்தால் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டலாம், இல்லாவிட்டால் சைக்கிள் டியூபே உதவும்.

தலையில் அடிபட்டவர் எழுந்து “எனக்கு ஒண்ணும் இல்ல” என்பார். அடுத்த ஐந்து நிமிடத்தில் “நாம எங்க போறோம்?” என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால் அவருக்கு அன்றைய ரைடு முடிந்தது. சைக்கிளில் ஏற்றாதீர்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். 108க்கு அழைக்கும்போது ஜீப் வந்து நிற்கக்கூடிய இடத்தைச் சொல்லுங்கள், நீங்கள் நிற்கும் இடத்தை அல்ல. பேச டவர் போதாத இடத்திலும் சிலசமயம் குறுஞ்செய்தி போய்விடும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அனுப்பக் கற்றுவைத்திருங்கள். இதற்கிடையில் மற்ற ஏழு பேர் காற்றில் நின்று விறைத்துக்கொண்டிருப்பார்கள். ஜெர்கின் போடச்சொல்லி, ஆளுக்கொரு வேலை கொடுங்கள்.

இதையெல்லாம் படித்துக் கற்க முடியாது. காட்டுப்பகுதி முதலுதவிக்கென்று 16 மணி நேரப் பயிற்சியும், ஏறத்தாழ 80 மணி நேர நீண்ட பயிற்சியும் உலகெங்கும் நடக்கின்றன. இந்தியாவில் முசூரியை அடுத்த லண்டூரில் இருக்கும் ஹானிஃபில் மையம் இத்தகைய வகுப்புகளுக்குப் பெயர்பெற்றது. கையில் பணம் குறைவாக இருந்தால் புதிய சஸ்பென்ஷனைத் தள்ளிப்போட்டு இதில் சேருங்கள்.

சான்றிதழும் சம்பளமும்

பிரிட்டனில் லைம் விரிகுடாவில் 1993இல் கயாக் ஓட்டப் போன பள்ளி மாணவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அதன்பின் 1995இல் வந்த சட்டம், சிறுவர்களுக்குச் சாகச விளையாட்டுகளை வணிகமாக நடத்துபவர்கள் உரிமம் பெறவேண்டும் என்றது. 600 மீட்டருக்கு மேலே, சாலையிலிருந்தோ புகலிடத்திலிருந்தோ அரைமணிப் பயணத்துக்கு மேல் விலகிய மலைப்பகுதியில் ஓட்டும் மலை சைக்கிளும் அதில் அடங்கும். அந்த அரைமணிக் கணக்கை நான் இங்கே என் சொந்த விதியாக வைத்திருக்கிறேன். புதியவர்கள் இருக்கும் குழுவை ஜீப் பாதையிலிருந்து அரைமணிக்கு மேல் விலக்குவதில்லை.

பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பு, கனடாவில் தொடங்கிய பி.எம்.பி.ஐ.ஏ., அமெரிக்காவின் பி.ஐ.சி.பி. ஆகியவை பயிற்றுநருக்கும் குழுத் தலைவருக்கும் படிப்படியான சான்றிதழ் தருகின்றன. செலவு அதிகம். அது கிடைக்கும்வரை செய்யக்கூடியது, அனுபவமுள்ள ஒருவருக்கு ஸ்வீப்பாகப் போவது. இருபது ரைடுகளில் கடைசியாக வந்தவருக்கு, முன்னால் போகிறவர் செய்யும் தப்பெல்லாம் தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேரும்போது கூலியைவிட முதலில் கேட்கவேண்டிய கேள்வி: ரைடை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு? ஓரிடத்தில் மூன்று நாள் மழைக்குப் பிறகு பாதை சேறாக இருக்கிறது, வேண்டாம் என்றேன். “கெஸ்ட் பணம் கட்டிட்டாங்க, மெதுவா கூட்டிட்டுப் போங்க” என்றார்கள். போனேன். யாருக்கும் அடிபடவில்லை, அதனாலேயே அடுத்த தடவை மறுப்பது இன்னும் கடினமாகிவிட்டது. இப்போது நான் எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன்: இறுதி முடிவு என்னுடையது, ரத்தானாலும் பாதிக் கூலி உண்டு, ஸ்வீப்புக்குத் தனிக் கூலி, இரண்டு பேருக்கும் விபத்துக் காப்பீடு. விருந்தினரிடம் கையெழுத்து வாங்கும் ‘எங்கள் பொறுப்பல்ல’ தாளை நம்பி, உங்கள் கவனக்குறைவுக்கும் அது கேடயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

திரும்பிவிடலாம் என்று சொல்வதற்கு எதிரி முதலாளி மட்டுமல்ல, பழக்கமும்தான். இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்கு பயிற்சி பெற்றவர்கள்கூடத் தமக்குப் பழகிய சரிவில், பயிற்சி குறைந்தவர்கள் அளவுக்கே ஆபத்தில் இறங்கியிருந்தார்கள். ஐம்பது தடவை போன பாதையில் ஐம்பத்தோராவது தடவை நாம் பாதையைப் பார்ப்பதில்லை, நினைவைப் பார்க்கிறோம். இதற்கு என் கைவசம் உள்ள ஒரே வழி கடிகாரம். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். மூன்று மணி என்றால், உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் மூன்று மணி.

ரைடு முடிந்த அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். சான்றிதழ்த் தேர்வுகளிலும் இந்தப் பதிவைக் கேட்பார்கள், ஆனால் அதற்காக அல்ல. விழாமல் தப்பியவை மறுநாள் காலைக்குள் மறந்துபோகும். போன ஞாயிற்றுக்கிழமைக்கு என் நோட்டில் இருப்பது: “8 பேர், ஸ்வீப் 1. இரண்டாவது பாலத்துக்கு அப்புறம் கம்பிவேலி புதிது, மங்கலில் தெரியவில்லை, அலுவலகத்தில் சொல்லவேண்டும். ஐந்தாமவரின் பின் பிரேக் பேட் தேய்ந்திருந்தது, காலையில் பார்த்தும் விட்டுவிட்டேன். கடைசி ஏற்றத்தில் ஓய்வு 4 நிமிடம்தான் கொடுத்தேன்.”